கூடுதலாக இருந்த 13 அங்குலம்



சென்ற மார்கழியில் எங்கள் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றை இங்கே எழுதுகிறோம். பொருள் மிகச் சிறியது. வரவேற்பறைச் சோபாவின்மீது விரிக்கும் துணி எவ்வளவு நீளமும் அகலமும் கொண்டிருக்க வேண்டும் என்பதுதான். மார்க்கச் செய்திகளை வாசிக்க வந்த இடத்தில் இது என்ன பேச்சு என்று சிலருக்குத் தோன்றக்கூடும். அந்தத் துணியின் அளவு பிழைத்தமையால் எங்கள் அம்மா வலது மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருந்தார்கள். அதனால் எழுதுகிறோம்.

நாங்கள் வசிப்பது ஆலங்குளம். தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் அன்று. ராஜபாளையத்துக்காரர்கள் சிமெண்ட் ஆலையைச் சொல்லி அடையாளம் காட்டும் விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். கரிசல் பூமி. ஆனி, ஆடியில் மேல்காற்று எழுந்துவிட்டால் சன்னலை அடைத்தாலும் புழுதி உள்ளே வந்து அமர்ந்துகொள்ளும். போர்த்திக்கொள்ளும்படியான குளிர் ஆண்டில் இருபது நாள் இருந்தாலே அதிகம். ஆகவே எங்கள் பக்கத்தில் சோபாவுக்குத் துணி விரிப்பது குளிருக்காக அன்று. புழுதி, வியர்வை, தலையில் தேய்த்த எண்ணெய், பிள்ளைகள் சிந்தும் தேநீர் ஆகியவற்றிலிருந்து காப்பதற்காகத்தான். கடைகளில் இதற்கு இப்போது ‘த்ரோ’ என்று பெயர். வீசிப் போடுவது என்று பொருளாம். எங்கள் வீட்டிலும் அது வீசிப் போட்டபடிதான் கிடந்தது.

எங்களுடையது மூவர் அமரும் ரெக்சின் சோபா. பதினோரு ஆண்டுகளுக்கு முன் தவணையில் வாங்கினோம். நடு இருக்கையில் ரெக்சின் வெடித்து, உள்ளிருக்கும் பஞ்சு வெளியே தெரியத் தொடங்கி நாளாயிற்று. மதரஸா ஊதியத்தில் புதுச் சோபா என்பது எண்ணிப் பார்க்கும் காரியமன்று. அந்த நிலையில், மூத்த மகளைப் பெண் பார்க்கக் கடையநல்லூரிலிருந்து வருகிறார்கள் என்று செய்தி வந்தது. எங்கள் துணைவியார் பீரோவின் மேலிருந்து ஒரு கம்பளியை இறக்கினார்கள். அது அவர்களுடைய தம்பி தம்மாமிலிருந்து முதல் விடுப்பில் வந்தபோது கொண்டுவந்தது. முப்பது கிலோ சுமையே அனுமதி என்ற நிலையில், அதில் ஏறக்குறைய ஐந்து கிலோவை அக்காளின் கம்பளிக்கென ஒதுக்கியிருந்தார். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய இல்லங்களில் இப்படி ஒன்று இருக்கும். உங்கள் வீட்டிலும் இருக்கலாம். கனமாக, வழுவழுப்பாக, சிங்கமோ புலியோ பெரிய பூவோ அச்சிட்டதாக, பிளாஸ்டிக் பையின் ஜிப் திறக்கப்படாமலேயே ஆண்டுகள் கழியும். எங்களுடையதில் ரோஜாப் பூ. அல்ஹம்துலில்லாஹ், புலி இல்லை.

கிழிசல் மறைந்தது. அறையே செல்வச் செழிப்பாய்த் தோன்றியது. விருந்தினர் வந்து அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது அவர்களோடு வந்த மூன்று வயதுக் குழந்தை கம்பளியின் ஓரத்தைப் பிடித்து இழுத்தது. ரெக்சினில் எந்தத் துணியும் நிலைத்து நிற்பதில்லை; வழுக்கிக்கொண்டு கம்பளி முழுவதும் கீழே வந்தது. கிழிசல் எல்லோர் பார்வையிலும் பட்டது. மாப்பிள்ளையின் தாயார் சிரித்துவிட்டு, “எங்க வீட்ல பெட்சீட்டு போட்டு மூடி வச்சிருக்கோம்” என்றார்கள். சம்பந்தம் முடிவாயிற்று. அதற்கும் கம்பளிக்கும் தொடர்பு எதுவும் இல்லை என்பதை நாங்கள் பின்னரே உணர்ந்தோம்.

உணர்ந்த பிறகாவது அதை எடுத்து மடித்து வைத்திருக்க வேண்டும். பார்க்க நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிட்டோம். எங்கள் அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. முழங்கால் வலியினால் தரையில் படுத்து எழ முடியாமல், கூடத்திலுள்ள அந்தச் சோபாவில் சாய்ந்தபடிதான் பாதி இரவைக் கழிப்பார்கள். தஹஜ்ஜுத் தொழுகைக்கு எழுவது அவர்களின் நெடுநாள் வழக்கம். விளக்கைப் போட்டால் பிள்ளைகளின் தூக்கம் கெடும் என்று இருட்டிலேயே எழுவார்கள். பத்தோ பதினொன்றோ நாள் கழித்து ஓர் இரவு, உளூச் செய்ய எழுந்தவர்கள், தரையில் குவிந்து கிடந்த கம்பளி ஓரத்தில் பாதம் சிக்கி, கையை ஊன்றியபடி விழுந்தார்கள். ஓசை கேட்டு ஓடிச் சென்று விளக்கைப் போட்டபோது அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தார்கள். “ஒண்ணுமில்ல தம்பி, கம்பளி கொஞ்சம் பெருசு” என்றார்கள். அதற்கு மேல் இன்றுவரை ஒரு சொல்லும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும்.

கட்டுப் போடும்போது மருத்துவமனையில் அந்த மெல்லிய துணிச் சுருளைப் பார்த்துக்கொண்டே நின்றோம். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, காயக்கட்டுத் துணி நெசவுக்குப் பெயர் பெற்றது. கட்டுத் துணி இத்தனை அங்குல அகலம், இத்தனை மீட்டர் நீளம் என்று கணக்காக வெட்டிச் சுற்றப்படுகிறது. விரலுக்கு ஓர் அகலம், முழங்காலுக்கு வேறு அகலம். அந்தத் துணி நெய்யப்படும் ஊருக்கு இவ்வளவு அருகில் வாழ்ந்துகொண்டு, வீட்டில் விரிக்கும் துணியை நாங்கள் ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை.

அடுத்த வாரம் மதரஸாவில் உஹதுப் போர் பாடம். முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. மக்காவில் செல்வக் குடும்பத்தில் உயர்ந்த ஆடைகளுடன் வளர்ந்தவர்கள்; ஹிஜ்ரி 3இல் உஹதில் ஷஹீதானபோது அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு துணி. அதனால் தலையை மூடினால் கால்கள் வெளியே தெரிந்தன. கால்களை மூடினால் தலை தெரிந்தது. துணியால் தலையை மூடி, கால்களின்மீது இத்கிர் புல்லை இடுமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக கப்பாப் (ரலி) அறிவித்த செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. பல ஆண்டுகளாக நடத்திவரும் பாடம்தான். இம்முறை ஒன்பது வயது மாணவன் ஒருவன் எழுந்து, “ஹஜ்ரத், அந்தத் துணி எத்தனை முழம் இருக்கும்?” என்று கேட்டான். பிள்ளைகள் சிரித்தார்கள். தலையையும் காலையும் ஒருசேர மூடப் போதாத அளவு என்று பதில் சொன்னோம். சொல்லிவிட்டுச் சிறிது நேரம் பாடத்தைத் தொடர இயலவில்லை. பிற்காலத்தில் செல்வம் பெருகிய அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள், நோன்பு திறக்க உணவு வைக்கப்பட்டபோது இந்த முஸ்அபின் துணியை நினைத்து அழுது உணவை விட்டு எழுந்துவிட்டார்கள் என்ற செய்தியையும் அன்று சொல்லவேண்டியிருந்தது. அதை மறுநாளைக்கு ஒத்திவைத்தோம்.

அன்று மாலை துணைவியாரின் தையல் பெட்டியிலிருந்து அளவு நாடாவை எடுத்துச் சோபாவை அளந்தோம். எப்படி அளந்தோம் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம், யாருக்கேனும் பயன்படட்டும்.

சோபாவின் அகல உயரத்தை வெளியிலிருந்து அளப்பதில் பயனில்லை. துணி செல்லும் வழியிலேயே நாடாவும் செல்ல வேண்டும். முதுகுச் சாய்வின் பின்புறம் 6 அங்குலம் தொங்கவிட்டோம், குறைந்தால் நழுவும். அங்கிருந்து உச்சியைக் கடந்து இருக்கை வரை 17 அங்குலம். சாய்வும் இருக்கையும் சேரும் இடுக்கில் செருகுவதற்கு 5 அங்குலம். இருக்கையின் ஆழம் 21. முன்புறம் தொங்க 11. ஆக மொத்தம் 60 அங்குலம். எங்கள் சோபாவின் இருக்கை தரையிலிருந்து 17 அங்குல உயரம்; 11 தொங்கினால் தரைக்கும் துணிக்கும் இடையே 6 அங்குலம் மிஞ்சும். இந்த இடைவெளிதான் முக்கியம். முதியோரும் தவழும் குழந்தையும் உள்ள வீட்டில் நான்கு அங்குலத்துக்குக் குறைவாக அதை விடாதீர்கள் என்பது எங்கள் கருத்து. படங்களில் துணி தரையைத் தொட்டுப் புரளும்படி காட்டுவார்கள். அந்தப் படங்களில் வயதானவர்கள் யாரும் இருப்பதில்லை.

பிறகு கம்பளியை அளந்தோம். 200க்கு 240 சென்டிமீட்டர். அங்குலத்தில் ஏறத்தாழ 79க்கு 94. இரட்டைக் கட்டிலுக்கு உரிய அளவு. 60 போதும் என்ற இடத்தில் 79. கூடுதலான 19 அங்குலத்தில் 6 அந்த இடைவெளியை நிரப்பிவிட, மீதி 13 அங்குலம் தரையில் குவிந்து கிடந்திருக்கிறது. அம்மாவின் பாதத்தின் நீளம் ஒன்பது அங்குலம்கூட இல்லை.

துணி வாங்க ராஜபாளையத்தில் ஒரு கைத்தறிக் கடைக்குச் சென்றோம். ‘த்ரோ’ என்று கேட்டால் பெரும்பாலும் 50க்கு 60 அங்குலத் துண்டைத்தான் காட்டுவார்கள். அது ஒருவர் அமரும் நாற்காலிக்குச் சரியாகப் பொருந்தும். நடுவில் 21 அங்குல இருக்கை என்றால் இரு கைப்பிடிகளின்மீதும் பதினான்கு அங்குலம் வீதம் விழும். மூவர் சோபாவுக்கு அதைக் கொண்டு முழுவதும் மூட முயல வேண்டாம். ஒரு கைப்பிடியின்மீது மடித்துப் போடலாம், அவ்வளவே. முழுவதும் மூட வேண்டுமானால் ‘த்ரோ’ என்ற பெயரையே மறந்துவிட்டு, 60க்கு 90 அங்குல ஒற்றைப் போர்வை கேட்பது நலம். கட்டிலில் விரிப்பதுபோல் அன்றிக் குறுக்காக விரிக்க வேண்டும்: 90 அங்குலம் சோபாவின் அகலத்திற்கு, 60 அங்குலம் மேலிருந்து கீழாக. எங்கள் சோபாவில் இருக்கையின் அகலம் 66. பக்கத்துக்கு 12 அங்குலம் கைப்பிடிகளின்மீது விழுந்தது. இரண்டரை அடி அகலமும் ஆறடி நீளமும் உள்ள திவானுக்கும் இதே போர்வை போதும்.

ஈரோடு மாவட்டத்துச் சென்னிமலைப் போர்வையைத் தேர்ந்தோம். கடைக்கார முதியவர் நெசவுக் குடும்பத்தவர்; துணியின் நீளத்தை எங்கு வேண்டுமானாலும் அறுக்கலாம், அகலத்தைத் தறிதான் தீர்மானிக்கும் என்று விளக்கினார். பவானிச் சமுக்காளத்தில் அகலமானவற்றை இருவர் அருகருகே அமர்ந்து நெய்வது அதனால்தான் என்றார். அவர் சொன்ன இன்னொன்று: பருத்தித் துணி முதல் சலவையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து அங்குலம் வரை சுருங்கும். 60 என்பது 57 ஆகலாம். ஆகவே வாங்கியதும் நீரில் ஊறவைத்து உலர்த்தி, பிறகு விரித்துப் பார்த்தே சரியென்று கொள்ள வேண்டும். எங்களுடையது இரண்டு அங்குலம் சுருங்கியது. முன்புறத் தொங்கலில் ஒன்பது மிஞ்சியது, குறையில்லை.

ரெக்சினில் வழுக்காதிருக்க, பழைய துண்டை இறுகச் சுருட்டி, துணியோடு சேர்த்துப் பின் இடுக்கில் அழுத்திச் செருகினோம். நான்கு மூலையிலும் நாடா தைத்துக் கால்களில் கட்டினால் இன்னும் உறுதி. தலைசாயும் இடத்தில் எண்ணெய் ஏறுவதால் அங்கு மட்டும் ஒரு சிறு துண்டைத் தனியே போட்டுக்கொண்டால், பெரிய போர்வையை அடிக்கடி துவைக்க வேண்டியிராது.

கம்பளியை என்ன செய்வது என்பதில்தான் வீட்டில் பேச்சு நீண்டது. பாதியாக அறுத்துவிடலாம் என்றோம். துணைவியார் முகம் வாடிவிட்டது. தம்பி வெயிலில் நின்று சம்பாதித்து வாங்கியதில் கத்தரி வைப்பதா என்றார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆயிஷா (ரலி) அவர்கள் தம் இல்லத்தில் தொங்கவிட்டிருந்த உருவத் திரையை நபி (ஸல்) அவர்கள் விரும்பாதபோது, அதைக் கிழித்துத் தலையணைகளாக்கிய செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. அதை எடுத்துச் சொல்ல வாயெடுத்தோம். அந்நேரத்தில் அது மார்க்கம் சொல்வதாக இராது, வாதத்தில் வெல்வதாகவே இருக்கும் என்று தோன்ற, சொல்லாமல் விட்டோம். இரண்டு நாள் கழித்து அவர்களே தம்மாமுக்குத் தொலைபேசியில் பேசினார்கள். மச்சானுக்கு அம்மா விழுந்த செய்தியே அப்போதுதான் தெரியும். கம்பளியால் என்று அறிந்ததும் அந்த முனையில் பேச்சு நின்றுவிட்டது. பிறகு, “அறுத்துத் தைச்சுக் குடுக்கா. மாமிக்குக் காலு மூடற அளவு இருந்தாப் போதும்” என்றார்.

அறுத்தால் அந்த வகைக் கம்பளியின் ஓரம் இழை இழையாக உதிரும். பட்டி வைத்துத் தைத்தாக வேண்டும். தையற்காரர் அறுத்த விளிம்புகளுக்குப் பச்சைப் பட்டி வைத்துத் தந்தார். ஒரு பாதியை அம்மா மடியில் போட்டுக்கொள்கிறார்கள். 47 அங்குல அகலம், அமர்ந்த நிலையில் கணுக்காலோடு நிற்கும். மறுபாதியை அவர்கள் சொற்படி பள்ளிவாசல் மோதினார் அறைக்குக் கொடுத்தோம்.

மாவுக்கட்டு அவிழ்த்தாயிற்று. விரல்களை இன்னும் முழுவதாக மடக்க இயலவில்லை. தஸ்பீஹை இடக்கையில் உருட்டுகிறார்கள். கூடத்தில் இரவு முழுவதும் எரியும்படி ஒரு சிறு விளக்குப் போட்டிருக்கிறோம். ஆனாலும் அம்மா எழுவதற்கு முன் வலக்காலால் தரையை ஒரு முறை, இருமுறை தடவிப் பார்க்கிறார்கள். அங்கே துணி எதுவும் இல்லை. தடவிப் பார்த்த பிறகே எழுகிறார்கள்.

வஸ்ஸலாம்.