முதலில் உயரம்

தெற்குக் கொல்கத்தாவில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவரிடம் அவர் தந்தை விட்டுச்சென்ற பழைய அம்பாசடர் ஒன்று உள்ளது. அதன் வலப்புற முன்டயர் உள்விளிம்பில் மட்டும் வழவழவென்று தேய்ந்துவந்தது. ஓராண்டில் இருமுறை வீல் அலைன்மென்ட் செய்தார். இருமுறையும் கணினி அச்சிட்ட தாளில் டோ எண்கள் பச்சையாகவும், வலச்சக்கரத்தின் கேம்பர் எண் சிவப்பாகவும் இருந்தன. கேம்பரைத் திருத்த இந்த வண்டியில் திருகாணி ஏதும் இல்லை என்று கடைக்காரர்கள் கைவிரித்தனர். அவர்கள் கூறியது பொய்யன்று. ஆனால் அந்தச் சாய்வு எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்கவில்லை.

அம்பாசடரின் மூலம் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை. ஹூக்ளி மாவட்டத்து உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அதைத் தயாரித்தது. 2014இல் உற்பத்தி நின்றது. பழைய மாதிரிகளின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. பக்கத்திற்கு ஒன்றாக நீண்ட எஃகுக் கம்பி, தரைத்தகட்டுக்கு அடியில் நெடுக்குவாட்டில் கிடக்கும். டார்ஷன் பார் என்பது அதன் பெயர். முன்முனை சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையோடு பிணைந்திருக்கும். பின்முனை, பற்கள் வெட்டிய பிடியில் சட்டத்தோடு இறுகியிருக்கும். சக்கரம் மேலெழும்போது கம்பி முறுக்கிக்கொள்ளும். அம்முறுக்கே வண்டியைச் சுமக்கிறது.

பல்லாண்டுகள் சுமந்த எஃகு சிறிது தளரும். ஓட்டுநர் மட்டுமே பயணம் செய்யும் வண்டியில் வலப்புறம் கூடுதலாகத் தளர்வதில் வியப்பில்லை. உடல் தாழ்ந்தால் கைகளின் கோணம் மாறும். சக்கரத்தின் தலை உள்நோக்கிச் சாயும். டை ராடும் கீழ்க்கையும் ஒரே வில்லில் ஆடுவதில்லை. ஆகவே உயரம் மாறினால் டோவும் நகர்ந்துவிடும். பின்பக்கம் தாழ்ந்திருந்தால் காஸ்டர் கூடும். அலைன்மென்ட் தாளில் உள்ள ஒவ்வோர் எண்ணும் ஏதோ ஓர் உயரத்தில் எடுத்த எண்தான். அந்த உயரமே பிழையானால் பச்சை நிறத்திற்கு என்ன பொருள்?

இந்தக் கேள்வியை எழுப்பியவர் முதிய மிஸ்திரி ஒருவர். (வங்காளியின் மிஸ்திரியும் தமிழின் மேஸ்திரியும் போர்த்துகீசியர் விட்டுச்சென்ற ஒரே சொல்லின் பிள்ளைகள். ஆசிரியர் அவரை 'தாதா' என்று அழைத்தார். அங்கே அச்சொல்லுக்கு அண்ணன் என்றே பொருள்.) அவர் உடனே அளவுநாடாவை எடுக்கவில்லை. டயர்களில் காற்றைச் சமப்படுத்தினார். டிக்கியில் கிடந்த பழைய புத்தக மூட்டைகளை இறக்கச் செய்து, ஸ்டெப்னியை அதன் இடத்தில் வைத்தார். பிறகு பின்பக்க லீஃப் ஸ்பிரிங் கட்டுகளைப் பார்த்தார். இடப்பின் கட்டு தளர்ந்தால் வலமுன் மூலை எழும்பிக் காட்டும். நாற்காலியின் ஒரு கால் குட்டையானால் நிகழ்வது போலத்தான். அவை சரியாக இருந்தன. சமதரையில் வண்டியை முன்னும் பின்னும் உருட்டி, பானெட்டைப் பலமுறை அழுத்தி விட்டு, அதன்பின்னரே அளந்தார். மட்கார்டின் விளிம்பிலிருந்து அளக்கவில்லை. பலமுறை தகடு ஒட்டிய மட்கார்டு எதற்கும் சாட்சியாகாது என்பது அவர் கருத்து. கீழ்க்கையின் உள்மூட்டு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று இருபுறமும் பார்த்தார். வலப்புறம் 22 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது.

ஆசிரியர் மல்லிக் பஜாரில், உடைத்த டாக்சி ஒன்றின் கம்பியை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார். "எந்தப் பக்கத்துக் கம்பி?" என்றார் மிஸ்திரி. அதன்மேல் கறுப்புப் பெயின்ட் பூசியிருந்தது, குறி தெரியவில்லை. ஒரு திசையிலேயே முறுக்கிப் பழகிய எஃகை மறுபக்கத்தில் மாட்டி எதிர்த்திசையில் முறுக்கினால் விரைவில் தளரும், முறியவும் கூடும். விலை கொடுத்து வாங்கியதாயிற்றே என்று ஆசிரியர் எவ்வளவோ வாதிட்டுப் பார்த்தார். முதியவர் அசையவில்லை. பழைய கம்பியையே பல் மாற்றிப் பூட்டுவது என்று முடிவாயிற்று.

இப்பணியில் அவசரம் ஆகாது. வண்டியின் எடையைத் தாங்கும் முறுக்கு அந்தக் கம்பிக்குள் இருக்கிறது. கட்டுப்பாடின்றி விடுபட்டால் கீழ்க்கை அடித்து எலும்பை முறிக்கும். சட்டத்தைத் தாங்கிகளில் நிறுத்தி, கையை ஜாக்கியால் பிடித்து, மெல்ல இறக்கி, முறுக்கு முழுவதும் போன பின்பே பிடியைக் கழற்றினார். பூட்டிய பின்னும் மூட்டுகளின் போல்ட்டுகளை அவர் இறுக்கவில்லை. சக்கரங்கள் தரையில் நின்று வண்டி தன் உயரத்தில் அமர்ந்த பிறகே இறுக்கினார். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு பொய்யான உயரத்தைத் தாங்கிப் பிடிக்கும். சில வாரங்களில் ரப்பர் கிழியும், உயரமும் போகும்.

இப்போது இருபுறத்திற்கும் வேறுபாடு 3 மில்லிமீட்டர். மறுநாள் அதே அலைன்மென்ட் கடையில் கேம்பர் எண் பச்சையாக வந்தது. டோ மட்டும் விலகியிருந்தது. இரு டை ராடுகளையும் சம அளவு திருகி, ஸ்டியரிங் நேராக நிற்கும்படி சரிசெய்தனர்.

கொல்கத்தாவில் 15 ஆண்டுகளைக் கடந்த வணிக வாகனங்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. மஞ்சள் டாக்சிகள் அருகிவருகின்றன. அவற்றோடு இந்தக் கம்பிகளின் மொழி அறிந்த கைகளும் குறைகின்றன. மிஸ்திரியின் பேரன் மின்சார ஆட்டோ பழுது பார்க்கிறான். ஆசிரியர் தம் பழைய கணக்கு நோட்டில் நான்கு மூலைகளின் உயரத்தையும் தேதியையும் எழுதி வைத்திருக்கிறார். பல் மாற்றிய கம்பி சற்று அமரும் என்பதால் 500 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் அளக்க வேண்டும். அதற்கான கட்டங்களை இப்போதே கோடு போட்டுவிட்டார்.