கயிறும் கல்லும்

பள்ளிச் சீருடையோடு அணியும் டையை மாணவர் அனைவரும் அறிவர். அது துணிப்பட்டையால் ஆனது; கழுத்தருகே முடிச்சு உடையது. அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதியில் வழங்கும் போலோ டைக்கோ முடிச்சே கிடையாது. பின்னிய தோல்கயிறு ஒன்று. அதன் இரு முனைகளிலும் வெள்ளிப் பூண். இரு இழைகளையும் சேர்த்துப் பிடிக்கும் பதக்கம் ஒன்று. பதக்கத்தை மேலே தள்ளினால் கயிறு இறுகும். கீழே இழுத்தால் தளரும். காலையில் பேருந்துக்கு ஓடுவோர்க்கு இதைவிட எளிய டை வாய்க்காது.

அரிசோனா மாநிலத்தில் விக்கன்பர்க் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூர் வெள்ளிக் கைவினைஞர் விக்டர் சீடர்ஸ்டாஃப் 1940களில் ஒருநாள் குதிரையில் சென்றபோது காற்று அவர் தொப்பியைப் பறித்தது. தொப்பியைச் சுற்றியிருந்த வெள்ளிக்கொக்கிப் பட்டை தொலைந்துவிடக் கூடாதென்று அதைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாராம். அதைக் கண்ட நண்பர் பாராட்டவே, புதிய டை பிறந்தது என்பர். 1959இல் அவர் காப்புரிமையும் பெற்றார். அர்ஜென்டினாவின் மாட்டிடையர் கால்நடைகளின் காலைச் சுற்றுமாறு எறியும் குண்டு கட்டிய கயிற்றுக்குப் 'போலியாடோராஸ்' என்று பெயர். டையின் பெயர் அதிலிருந்து வந்தது.

கதை சுவையானதுதான். ஆனால் முழுப் பெருமையையும் ஒருவருக்கே அளிப்பது முறையன்று. கழுத்துத் துணியின் முனைகளை அணிவளையத்தில் கோத்து அணியும் வழக்கம் அப்பகுதித் தொல்குடியினரிடம் முன்பே இருந்தது. போலோ டையை அணிகலனாக உயர்த்தியவர்களும் அவர்களே. நவஹோ கைவினைஞர் வெள்ளியில் டர்க்காய்ஸ் என்னும் நீலப்பச்சைக் கல்லைப் பதிப்பர். சூனி மக்கள் சிப்பி, பவளம் முதலியவற்றைச் சிறுசிறு துண்டுகளாக அறுத்து, இடைவெளி தெரியாமல் இழைத்துப் பறவை உருவங்களை அமைப்பர். ஹோப்பியர் வழி வேறு: இரண்டு வெள்ளித் தகடுகளுள் மேல்தகட்டில் உருவத்தை வெட்டியெடுத்துக் கீழ்த்தகட்டோடு பற்றவைப்பர், வெட்டிய இடத்தில் தெரியும் அடித்தகட்டைக் கருமையாக்குவர். உருவம் இருளிலிருந்து எழுவதுபோல் தோன்றும். பதக்கத்தைப் பார்த்தே செய்தவரின் குடியை அறிந்துகொள்வோர் உண்டு.

1971இல் அரிசோனா போலோ டையைத் தன் அதிகாரபூர்வக் கழுத்தணியாக அறிவித்தது. தொலைவிலுள்ள பிற குடியினரும் அதைத் தொல்குடி அடையாளமாக ஏற்றனர்.

2005 ஜூன் மாதத்தில், நாட்டின் கிழக்குக் கரையிலுள்ள மேரிலாந்து மாநிலத்தில், பள்ளியிறுதி வகுப்பை முடித்த 17 வயது மாணவன் ஒருவன் பட்டமளிப்பு விழாவுக்கு வந்தான். அவன் செரோக்கி மரபினன். மாணவர் டை அணிய வேண்டும் என்பது விதி. அவன் தன் மரபைப் போற்றும் வகையில் போலோ டை அணிந்திருந்தான். டை என்று கொள்ள முடியாத அளவு அது மெல்லியது என்றனர் பள்ளியார். விழாவில் அவனுக்குச் சான்றிதழ் தரவில்லை.

எத்தனை விரல் அகலமிருந்தால் ஒன்று டை ஆகும்? இன்று உலகெங்கும் மதிக்கப்படும் துணி டையும் ஒரு காலத்தில் அயலாரின் உடையே. 17ஆம் நூற்றாண்டில் பிரான்சுக்குக் கூலிப்படையாக வந்த குரோவேசிய வீரர் கழுத்தில் சுற்றியிருந்த துணியைக் கண்டு பாரிஸ் நகரத்தார் பின்பற்றியதே அதன் தொடக்கம். அந்த வீரர்களிடம் எவரும் அளவுகோல் கொண்டு போகவில்லை.

அம்மாணவன் வெறுங்கையோடு திரும்பிய ஈராண்டில், 2007இல், டெக்சாஸ், நியூ மெக்சிகோ ஆகிய இரு மாநிலங்களும் போலோ டையைத் தத்தம் அதிகாரபூர்வ டையாக ஏற்றுக்கொண்டன.