நிற்காத மஞ்சள்

சங்கராந்தி முடிந்த வாரம். மகாராஷ்டிரத்தின் சாங்லி நகரில் ஒரு வீட்டுக் கொல்லைப்புறம். பள்ளிச் சட்டையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த ஒன்பது வயதுப் பையன் திடீரென்று கத்தினான். மதியம் சட்டையில் சிந்திய பருப்புக் குழம்பின் மஞ்சள் கறை, சோப்புப் பட்டதும் ரத்தச் சிவப்பாகிவிட்டது.

"ஆஜி, சட்டை கெட்டுப் போச்சு!"

ஆஜி என்றால் மராத்தியில் பாட்டி. பாட்டி பதறவில்லை. "கெடலைடா. போய் ஒரு எலுமிச்சம்பழம் எடுத்துக்கிட்டு வா" என்றார். கறையின் மேல் நாலு சொட்டு பிழிந்ததும் சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்பியது. பையனின் கண்கள் விரிந்தன. மறுபடி சோப்பு, மறுபடி எலுமிச்சை என்று அரை மணி நேரம் விளையாட்டு நடந்தது. கடைசியில் சட்டையை அலசி, நல்ல வெயில் விழும் கொடியில் போடச் சொன்னார் பாட்டி. "சாயங்காலம் வந்து பார்."

பாட்டி 33 வருடங்கள் பள்ளியில் வேதியியல் கற்பித்தவர். ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் அவர் செய்துகாட்டியது இதைத்தான். லிட்மஸ் தாள் இல்லாத பள்ளிக்கூடம் உண்டு. மஞ்சள் இல்லாத பள்ளிக்கூடம் ஏது?

மஞ்சளின் நிறத்துக்குக் காரணம் குர்குமின் என்ற பொருள். 1815ல் அதைக் கிழங்கிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அதன் மூலக்கூறு அமைப்பு 1910ல்தான் தெளிவானது. காய்ந்த மஞ்சளில் அது இருப்பது பெரும்பாலும் நூற்றுக்கு மூன்று பங்கு, கூடினால் ஐந்து. மேகாலயாவின் ஜெயின்டியா மலைகளில் விளையும் லகடாங் மஞ்சளில் ஏழைத் தொடும். தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். அதனால்தான் தாளித்த குழம்பு சிந்தினால் கறை அப்படிப் பிடிக்கிறது. சோப்பு, சுண்ணாம்பு போன்ற காரப் பொருள் பட்டால் சிவக்கும்; புளிப்புப் பட்டால் பழைய நிறத்துக்குத் திரும்பும். மணமக்களுக்குச் சுற்றும் ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீர் சுண்ணாம்போடு சேர்ந்து சிவப்பதும், மஞ்சளிலிருந்து குங்குமம் பிறப்பதும் இந்த ஒரே குணத்தால்தான்.

குர்குமினுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது வெயில் தாங்காது. சூரிய ஒளி பட்டால் மூலக்கூறு உடைந்து நிறம் போய்விடும். மஞ்சளில் தோய்த்த துணி சீக்கிரம் வெளுப்பது சாயக்காரர்களுக்குத் தலைவலி; அம்மாக்களுக்கு வரம். செடி இந்த நிறத்தை நம் கண்ணுக்காகவா உண்டாக்கியது? அது இருப்பது மண்ணுக்கடியில், இருட்டில். பூஞ்சைகளை எதிர்க்கும் ஆற்றல் கொண்ட அந்தப் பொருள் நமக்கு அழகாகத் தெரிவது தற்செயல்.

சாங்லிக்காரர்களுக்கு மஞ்சளைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஈரோட்டைப் போல இதுவும் மஞ்சள் ஊர். பக்கத்தில் கிருஷ்ணா நதிக்கரையிலுள்ள ஹரிபூரில் நிலத்தைத் தோண்டிக் குழிகளுக்குள் மஞ்சளைச் சேமித்து வைக்கும் வழக்கம் தலைமுறைகளாக இருந்தது. 2018ல் சாங்லி மஞ்சளுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. சுற்றுவட்டார வயல்களில் விளையும் ரகங்களில் ஒன்றின் பெயரே 'சேலம்'.

தோண்டியெடுத்த கிழங்கை முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வேகவைத்து, பத்துப் பதினைந்து நாள் வெயிலில் உலர்த்துகிறார்கள். அப்போது அது பார்க்கச் சகிக்காது: சொரசொரப்பான தோல், மண் நிறம். அதை உருளைப் பீப்பாயில் போட்டுச் சுழற்றினால் தோல் உரிந்து பளபளப்பு வரும். கடைசிச் சில நிமிடங்களில் மஞ்சள்தூள் கரைத்த தண்ணீரைத் தெளித்து நிறம் ஏற்றுவதும் வழக்கம். இதுவரை தப்பில்லை. ஆனால், நிறம் ஏற்றும் பொருள் எது என்பது அந்தச் சில நிமிடங்களில் பீப்பாயின் பக்கத்தில் நிற்பவருக்கு மட்டுமே தெரியும்.

லெட் குரோமேட் என்பது ஈயமும் குரோமியமும் சேர்ந்த தொழிற்சாலைச் சாயம். பிளாஸ்டிக்குக்கும் பெயிண்ட்டுக்கும் மஞ்சள் நிறம் தருவது. துளி போட்டால் மங்கின கிழங்கும் தங்கம் மாதிரி மின்னும். வங்கதேசத்தில் இது 1980களிலிருந்தே நடந்துவந்ததை ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். மழையிலும் வெள்ளத்திலும் நனைந்து நிறம் கெட்ட மஞ்சளை விற்க யாரோ கண்டுபிடித்த வழி, பிறகு தொழிலின் வழக்கமாகிவிட்டது. மெருகேற்றுபவர்கள் சொன்ன காரணம் எளிமையானது: வாங்குகிறவர்கள் பளிச்சென்ற மஞ்சளைத்தான் கேட்கிறார்கள்.

2024ல் வெளியான ஓர் ஆய்வு இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், இலங்கை ஆகிய நாடுகளின் சந்தை மஞ்சளைச் சோதித்தது. பாட்னாவில் வாங்கிய சில மாதிரிகளில் ஈயம் அனுமதிக்கப்பட்ட அளவைவிடப் பல மடங்கு இருந்தது. இத்தனைக்கும் மஞ்சளில் லெட் குரோமேட் அறவே இருக்கக் கூடாது என்பதுதான் இந்தியச் சட்டம்.

இந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு உறுத்தல். அவரும் அப்படித்தான் கேட்டார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, கடைக்காரர் எடுத்து வைக்கும் இரண்டு மூன்று ரகங்களில் கை போனது பளிச்சென்ற கிழங்குக்குத்தான். வகுப்பில் மஞ்சளின் வேதியியல் சொல்லிக்கொடுத்தவர், கடையில் அதைக் கண்ணால் மட்டுமே வாங்கினார். ஒருமுறை மஞ்சள் அரைக்கும் மில்லில் ஒருவர் தன் வீட்டுக்கென்று மங்கலான கிழங்கு மூட்டையைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். அன்று அதைக் கஞ்சத்தனம் என்று நினைத்துச் சிரித்தது இப்போது நினைவுக்கு வருகிறது. அவர் வாங்கியதில் கலப்படம் இருந்ததா? இல்லாமலும் இருந்திருக்கலாம். தெரிந்துகொள்ள இனி வழியில்லை. அதுதான் உறுத்தல்.

குர்குமினுக்கும் ஈயத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அவரால் ஒரு வரியில் சொல்ல முடியும்: ஒன்று போய்விடும், மற்றது தங்கிவிடும். சாப்பிடும் குர்குமினில் பெரும்பகுதியை உடல் உறிஞ்சிக்கொள்வதே இல்லை. உறிஞ்சியதையும் விரைவில் மாற்றி வெளியேற்றிவிடுகிறது. சர்வரோக நிவாரணி என்று மாத்திரையாக விற்பவர்கள் சொல்லாமல் விடும் சங்கதி இது. ஈயம் அப்படியல்ல. அதைக் கால்சியம் என்று நம்பி உடல் எலும்பில் சேர்த்துவைக்கிறது. பத்து, இருபது வருடங்கள் அங்கேயே கிடக்கும். கர்ப்ப காலத்தில் தாயின் எலும்பிலிருந்து கிளம்பிக் குழந்தைக்கும் போகும். வளரும் மூளையைத்தான் அது முதலில் தாக்குகிறது. இந்த அளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியாவில் சுமார் 27.5 கோடிக் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கவலைப்படும் அளவுக்கு மேல் இருப்பதாக யுனிசெஃப் 2020ல் மதிப்பிட்டது. பழைய பேட்டரி, பெயிண்ட், பாத்திரம் என்று காரணங்கள் பல. அந்த வரிசையில் மஞ்சளும் இருப்பதுதான் கொடுமை.

1997ல் இதே ஆசிரியை வகுப்பில் இனிப்பு வழங்கியதுண்டு. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழக மருத்துவ மையம் 1995ல் காப்புரிமை வாங்கியது. அதை எதிர்த்து நமது அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் ஆதாரமாகக் காட்டி வாதாடியது. காப்புரிமை ரத்தானது. மஞ்சள் நம்முடையது என்று நாடே மார்தட்டியது. தப்பில்லை. வெளியாள் கொண்டுபோகாமல் காத்தோம். உள்ளே கலப்பதைக் காக்க அந்த வேகம் வரவில்லை.

வராது என்றும் இல்லை. வங்கதேசம் 2019ல் விழித்துக்கொண்டது. அதிகாரிகள் மொத்தச் சந்தையில் புகுந்து சோதித்தார்கள். வியாபாரிகளுக்கு அபராதம் விதித்தார்கள். பத்திரிகைகளிலும் நோட்டீஸ்களிலும் எச்சரித்தார்கள். அந்த வருடம் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயக் கலப்படம் இருந்தது. 2021ல் ஒன்றில்கூட இல்லை. இரண்டே வருடங்கள்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனையும் உண்டு. ஒரு தம்ளர் தண்ணீரில் முழுக் கிழங்கைப் போட்டால், நல்ல கிழங்கு சும்மா கிடக்கும். சாயம் பூசியது உடனே நிறத்தை விடும். ஆனால் இதில் தேறியதெல்லாம் சுத்தம் என்று சொல்ல முடியாது. ஈயத்தைக் கண்டுபிடிக்க ஆய்வகம்தான் வேண்டும்.

இந்த வருட ஹளத்-குங்குக்கு, அதாவது சங்கராந்தியையொட்டிச் சுமங்கலிகளை அழைத்து மஞ்சள் குங்குமம் கொடுக்கும் சடங்குக்கு, ஆசிரியை கடைக்குப் போனார். கடைக்காரர் வழக்கம்போல் பளிச்சென்ற கிழங்கை நகர்த்தினார். அவர் மூலையிலிருந்த மங்கல் சாக்கைக் காட்டினார்.

"டீச்சர், அது நிறம் கம்மி. நாலு பேர் வர்ற நாள்ல தட்டு எடுப்பா இருக்காதே?"

"பரவாயில்லை. அதையே போடுங்க."

தட்டு எடுப்பாக இல்லைதான். பக்கத்து வீட்டுப் பெண்மணி கேட்டும்விட்டார். ஆசிரியை காரணத்தைச் சொன்னார். வந்தவர்களில் பாதிப்பேர் கவனித்தார்கள். மீதிப்பேர் எள்ளுருண்டையைக் கவனித்தார்கள்.

சாயங்காலம் பையன் கொடியிலிருந்து சட்டையை எடுத்து வந்தான். கறை இருந்த இடத்தைத் தேடித் தேடிப் பார்த்தான், காணோம்.

"எங்க போச்சு ஆஜி?"

"வெயில் எடுத்துக்கிச்சு."

"எல்லாக் கறையும் இப்படிப் போயிடுமா?"

வேதியியல் ஆசிரியை உடனே பதில் சொல்லவில்லை. சட்டையை வாங்கி மடித்தார்.

"இது போயிடும்" என்றார்.