பக்கத்தில் ஒருவர்

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் குடியிருக்கும் ஒரு தமிழ்ப் பெண், வேலைக்குப் போன வீட்டில் தனக்கு நேர்ந்ததைச் சொல்லக் காவல் நிலையத்துக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். காய்கறிக்குப் பேரம் பேசவும் பஸ்ஸில் டிக்கெட் கேட்கவும் போதுமான கன்னடம் அவருக்கு வரும். இதைச் சொல்கிற கன்னடம் வராது. சொல்லப்போனால், தமிழிலும் இதற்கென்று அவரிடம் சொல் இல்லை. "தப்பா நடந்துகிட்டான்" என்பார். மேலும் கேட்டால் "என்னைக் கெடுத்துட்டான்" என்பார். எதிரே இருப்பவர் முதல் வாக்கியத்தை மட்டும் அப்படியே கன்னடத்தில் எழுதிக்கொண்டால், கையைப் பிடித்து இழுத்தவனும் பலாத்காரம் செய்தவனும் காகிதத்தில் ஒன்றாகிவிடுவார்கள். பிறகு குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் நிதானமாகக் கேட்பார்: "அன்றைக்குத் தப்பாக நடந்துகொண்டதாக மட்டும்தானே சொன்னீர்கள்?"

அந்தப் பெண்ணுக்குச் சொல் இல்லாமல் போனதில் பத்திரிகைகளுக்கும் பங்கு உண்டு. தமிழ் நாளேடுகள் பல பத்தாண்டுகளாக 'கற்பழிப்பு' என்றே எழுதிவந்தன. குற்றம் செய்தது ஒருவன். அழிந்துபோனதாக அறிவிக்கப்பட்டது இன்னொருவரின் கற்பு. பெண்கள் அமைப்புகள் விடாமல் ஆட்சேபித்த பிறகே 'பாலியல் வன்கொடுமை', 'பாலியல் வல்லுறவு' போன்ற சொற்கள் அச்சில் ஏறின. கன்னடத்தில் இதே குற்றத்துக்கு வழங்கும் சொல் 'அத்யாச்சார'. வரம்பு மீறிய நடத்தை என்பது அதன் வேர்ப்பொருள். அது செய்தவனைப் பற்றிய சொல். அதனால் கன்னடப் பெண்ணுக்கு நியாயம் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அங்கே செய்தி எழுதுகிறவர், எழுதும்போதே பெண்ணின் கற்புக்குத் தீர்ப்பு வழங்கிவிடுவதில்லை.

சரியான சொல் கிடைக்கும்வரை பொறுமையாகக் கேட்க, காவல் நிலையத்து நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு உட்கார ஒருவர் வேண்டும். பெங்களூரில் இந்த வேலைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1979இல் தொடங்கப்பட்ட 'விமோசனா' அமைப்பு வரதட்சணைச் சாவுகளையும் குடும்ப வன்முறையையும் தெருவுக்குக் கொண்டுவந்து கேள்வி கேட்டது. 1990களின் இறுதியில் நகரக் காவல் ஆணையர் அலுவலக வளாகத்திலேயே 'வனிதா சகாயவாணி' என்ற பெண்கள் உதவி மையம் செயல்படத் தொடங்கியது. 2001இல் சங்கீதா சக்சேனா, ஷைப்யா சல்தானா என்ற இரண்டு மகப்பேறு மருத்துவர்கள் 'என்ஃபோல்ட்' அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். குழந்தைகளுக்கான பாதுகாப்புக் கல்வியில் ஆரம்பித்த அதன் வேலை, பாதிக்கப்பட்ட குழந்தைகளோடு நீதிமன்றம்வரை கூடவே போவதாக விரிந்தது.

கூடப் போகிறவருக்கு முதலில் தெரிய வேண்டியது கடிகாரம். வேண்டாத கர்ப்பத்தைத் தடுக்கும் மாத்திரைக்கும், எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்துக்கும் முதல் 72 மணி நேரம் முக்கியம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அந்த நேரத்தில்தான் வீட்டில் கூடிப் பேசுவார்கள்: புகார் கொடுக்கலாமா, வேண்டாமா, அக்கம்பக்கத்துக்குத் தெரிந்தால் என்ன ஆகும். புகாரைப் பற்றிய முடிவு காத்திருக்கலாம், மருத்துவம் காத்திருக்க முடியாது. அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும் இலவசமாக முதலுதவியும் சிகிச்சையும் தந்தாக வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் சொன்னது. மறுத்தால் ஓராண்டுவரை சிறை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டங்களிலும் இந்தப் பிரிவுகள் இருக்கின்றன. 'முதலில் போலீசுக்குப் போய்விட்டு வா' என்று வாசலில் திருப்பி அனுப்ப எந்த மருத்துவருக்கும் உரிமை இல்லை. 'இரு விரல் சோதனை' என்ற அவமானத்தையும் உச்ச நீதிமன்றம் 2013இல் கண்டித்தது. பிறகும் அது நின்றபாடில்லை என்பதால், செய்கிறவர் தவறான நடத்தைக்கு உள்ளாவார் என்று 2022இல் மீண்டும் எச்சரித்தது.

அடுத்தது கவுன்சிலிங். இந்தச் சொல்லை நம் ஊர்களில் பலர் 'பேசி முடிப்பது' என்றே புரிந்துவைத்திருக்கிறார்கள். நீதிமன்றத்துக்கே அந்தக் குழப்பம் வந்ததுண்டு. 2015 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கடலூர் மாவட்ட வழக்கு ஒன்றில் தண்டனை பெற்றிருந்தவரை ஜாமீனில் விடுவித்து, பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசம் பேச வழி செய்தது. அந்தப் பெண் சமரசத்துக்குச் சம்மதிக்கவில்லை. பாலியல் வன்கொடுமை வழக்குகளில் சமரசத்துக்கே இடமில்லை என்று ஜூலை முதல் தேதி வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உயர் நீதிமன்றமும் அதே மாதத்தில் தன் உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

பேசி முடிப்பது கவுன்சிலிங் இல்லை என்றால், எதுதான் கவுன்சிலிங்? இலங்கைத் தமிழர்கள் இதை 'உளவளத்துணை' என்கிறார்கள். 'ஆற்றுப்படுத்தல்' என்ற சொல்லும் அங்கே வழக்கில் உண்டு. சங்கப் பாணன் தான் போய்வந்த வழியை இன்னொரு பாணனுக்குச் சொல்வது ஆற்றுப்படை. இந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது கஷ்டம். நல்ல ஆலோசகர் 'ஏன்' என்ற சொல்லைத் தவிர்ப்பார். ஏன் அங்கே போனாய், ஏன் கத்தவில்லை, ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்க ஊரில் வேண்டிய அளவு ஆட்கள் இருக்கிறார்கள். பயத்தில் உடம்பு கல்லாகிப் போவதும், குரல் எழும்பாமல் அடைத்துக்கொள்வதும் பலருக்கு நேர்வதுதான் என்று அவர் எடுத்துச் சொல்வார். தூக்கம் போவதும், சின்னச் சத்தத்துக்குத் திடுக்கிடுவதும், நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியாமல் குழம்புவதும் பொய்யின் அடையாளம் அல்ல என்பார். பிறகு முன்னால் இருக்கிற வழிகளைச் சொல்லி, முடிவை அந்தப் பெண்ணிடமே விடுவார். அவரைக் கேட்காமலே அவர் உடம்பில் ஒன்று நடந்துவிட்டது. இனி நடப்பதெல்லாம் அவரைக் கேட்டு நடக்க வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் சட்டம் இதை ஓரளவு புரிந்துகொண்டிருக்கிறது. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, குழந்தைக்குப் புரியாத மொழியில் வாக்குமூலம் பதிவானால் மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும். விசாரணை தொடங்கி வழக்கு முடியும்வரை உடன் இருக்க ஒரு 'துணைநபர்' நியமிக்கப்படலாம். அந்த நியமனத்தைப் பெற்றோரின் விருப்பத்துக்கு விட்டுவிடக் கூடாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. காரணம் இல்லாமல் இல்லை. பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியின் குழந்தைகள் சட்ட மையம் ஐந்து மாநிலங்களின் சிறப்பு நீதிமன்றங்களை ஆராய்ந்தபோது, குழந்தைகளே பிறழ் சாட்சிகளாவது விடுதலைகளுக்குப் பெரிய காரணமாக இருப்பது தெரிந்தது. பெரும்பாலான வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் தெரிந்தவர், உறவினர், அண்டை வீட்டார். அவர்கள் நடுவிலேயே குழந்தை தினமும் சாப்பிட்டு, தூங்கி, பள்ளிக்கூடம் போக வேண்டியிருக்கிறது.

வயது வந்த பெண்ணுக்கு இப்படிப் பெயர் சொல்லி ஒரு துணைநபரைச் சட்டம் தரவில்லை. ரயிலில் ராணுவத்தினரால் தாக்கப்பட்ட வீட்டு வேலைப் பெண்களின் வழக்கில், புகார்தாரருக்குக் காவல் நிலையத்திலேயே வக்கீல் உதவி கிடைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1994இல் சொன்னது. 2015இல் வந்த 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையங்களில் மருத்துவம், சட்ட உதவி, ஆலோசனை, சில நாள் தங்கல் எல்லாம் ஒரே கூரையின் கீழ் உண்டு. சில நாள் கழித்து வீட்டுக்குத் திரும்பியாக வேண்டும். வழக்கு வருஷக்கணக்கில் நடக்கும். இடைப்பட்ட காலத்துக்கு யார்?

இதற்குப் பதில் கர்நாடக எல்லைக்கு இந்தப் பக்கம், தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியில் இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தன மரத் தேடுதல் என்ற பெயரில் வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஆட்கள் அந்த மலைவாழ் கிராமத்துக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் அரசு ஊழியர்கள். 2011 செப்டம்பர் 29 அன்று, உயிரோடு இருந்த 215 பேருக்கும் தருமபுரி நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. 2023இல் அதே தேதியில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. 31 ஆண்டுகள். அத்தனை காலமும் அந்தப் பெண்கள் சொன்ன சொல்லில் நின்றார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும், வழக்கறிஞர்களும், எல்லாவற்றுக்கும் மேலாக ஊரும் அவர்களோடு நின்றன. அந்த ஊரில் எவரும் அவர்களைக் கெட்டுப்போனவர்கள் என்று ஒதுக்கியிருந்தால், வழக்கு முதல் சில ஆண்டுகளிலேயே செத்துப்போயிருக்கும்.

நகரத்து ஒற்றை அறை வாடகை வீட்டில் ஊர் கிடையாது. பக்கத்து வீடு உண்டு, கூட வேலை செய்கிறவர்கள் உண்டு, சங்கம் உண்டு, கோயில், சர்ச், மசூதி உண்டு. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்ற உதவி எண்கள் உண்டு. அந்த எண்ணைச் சுழற்றித் தருவதும், ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிப்பதும், வாய்தா நாளில் அந்த வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்வதும், "தப்பா நடந்துகிட்டான்" என்பதை முழுசாக மொழிபெயர்த்துச் சொல்வதும் படித்துப் பட்டம் வாங்கிச் செய்கிற காரியங்கள் அல்ல. "நீ சொல்வதை நம்புகிறேன்" என்று ஒருவர் ஆரம்பித்துவைத்தால் மற்றவையெல்லாம் பின்னால் வரும்.