இரண்டாவது கம்பி

அம்மாவுக்குச் செவித்திறன் குறைந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. வெறும் குரலைக் கொண்டு பேசும் தொலைபேசி அவருக்குப் பயனற்றுப் போனது. காணொளி அழைப்பில் என் உதட்டசைவைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்கிறார். புதிதாக வாங்கிய மடிக்கணினியை மேசைமேல் நிறுத்தி, முகத்தில் வெளிச்சம் படும்படி அமர்ந்து பேசத் தொடங்கினேன். அங்கேதான் சிக்கல் வந்தது. படம் அவ்வப்போது இரண்டு விநாடி உறைந்து நின்றது. நமக்கு அது சிறு இடையூறு. அவருக்கோ பாதி வாக்கியம் இல்லாமலாகிவிடும். "என்ன?" என்று அவர் கேட்பதில்லை. "சரி, சரி" என்பார். "மாத்திரையை மாற்றினார்களா?" என்ற கேள்விக்கும் ஒருநாள் "சரி" என்றே பதில் வந்தபோதுதான் அந்தச் சொல்லின் பொருள் எனக்கு விளங்கியது.

அதே நாற்காலியில் அமர்ந்து கைப்பேசியில் அழைத்தால் படம் உறையவில்லை. ஆகவே குறை இணைப்பில் இல்லை, மடிக்கணினிக்குள் இருந்தது. உள்ளே இருந்தது வைஃபை 5 வகை அட்டை. ஒற்றை அலைத்தடம், உச்சவேகம் 433 மெகாபிட். காணொளி அழைப்புக்குச் சில மெகாபிட் போதும் என்பதால் வேகம் இங்கே பொருட்டல்ல. சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடத்தில் ஒரே ஆண்டெனா செவிடாகிவிடுகிறது. இரண்டு இருந்தால், ஒன்று தவறவிடுவதை மற்றது பிடித்துக்கொள்ளும்.

நல்லவேளையாக அட்டை பற்றவைக்கப்பட்டிருக்கவில்லை. அடிமூடியைத் திறந்தபோது பழைய அட்டையில் ஒரு கம்பிதான் செருகியிருந்தது. பக்கத்திலேயே இன்னொரு கம்பி, முனையில் நெகிழி உறையுடன், எவருக்கும் வேண்டாததாகக் கிடந்தது.

இன்டெல்லின் ஏஎக்ஸ் 210, ஏஎக்ஸ் 211 இரண்டும் வைஃபை 6இ வகை. இரண்டும் ஒரே அளவு. ஓர் எண் கூடுதல் என்றால் ஒரு படி மேல் என்று எண்ணி 211ஐ வாங்கினேன். துளையில் அழகாகப் பொருந்தியது. ஆனால் அப்படியொரு பொருள் தனக்குள் இருப்பதையே கணினி அறியவில்லை. பிறகே படித்தேன். 211 தன் வேலையில் ஒரு பகுதியை இன்டெல் அமைப்பிடமே விட்டுவைத்திருக்கிறது. அது தனியாக இயங்காது. என் கணினியில் இருப்பதோ ஏஎம்டி செயலி. 210 தன் வேலை முழுவதையும் தானே செய்துகொள்வது. விற்றவரைக் குறைசொல்ல ஏதுமில்லை. எண்ணைப் பார்த்தேனே தவிர, என் கணினியைப் பார்க்கவில்லை. வைஃபை 7 அட்டையின் ஆசையையும் அத்துடன் விட்டேன். வீட்டிலுள்ள ரவுட்டர் வைஃபை 5தான். 210இன் உச்சவேகம் 2400 மெகாபிட் என்றாலும், இங்கே 867ஐத் தாண்டாது.

210 வந்தது. அதற்கான இயக்கி மென்பொருளை முன்னதாகவே பென் டிரைவில் சேமித்துக்கொண்டேன். இணையத்துக்கான அட்டையைக் கழற்றிவிட்டு இணையத்தில் தேட முடியாதல்லவா? மின்கலத்தின் இணைப்பை எடுத்துவிட்டு அட்டையைப் பொருத்தினேன். கம்பிமுனைகள் கடுகைவிடச் சற்றே பெரியவை. முதல் கம்பி எளிதில் அமர்ந்தது. இரண்டாவது மூன்று முறை நழுவி, நான்காம் முறை நகத்தால் அழுத்தியபோது 'டக்' என்றது.

அன்று மாலை அம்மாவை அழைத்தேன். தீபாவளிக்கு விடுப்பு கிடைக்காது, பொங்கலுக்கு நிச்சயம் வருகிறேன் என்றேன். படம் உறையவில்லை. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன வருஷமும் இதையேதான் சொன்னே" என்றார்.

நான்தான் "சரி" என்று சொல்ல வேண்டியிருந்தது.