செடி நட்டாச்சு, தண்ணி?

மகாராஷ்டிர அரசு 2016 ஜூலை 1-ஆம் தேதி ஒரே நாளில் 2 கோடி மரக்கன்று நடணும்னு கிளம்பினது ஞாபகம் இருக்கா? 2019-இல் இலக்கு 33 கோடி. எங்க கராடியிலும் ஜூலை வந்தாலே மண்வெட்டியும் மாலையும் போட்டோவும்தான். நடும்போது மழை பெய்யுது, செடி தளதளன்னு நிக்குது. அக்டோபரில் மழை போனப்புறம்தான் அது பிழைக்குமா போகுமான்னு தெரியும். கடனை சாங்ஷன் பண்ணிட்டு வசூல் பக்கமே போகாத கணக்கு மாதிரி. வாராக்கடன் எப்படி வருதுங்கறீங்க? ;-)

சொசைட்டி சுவரோரம் ஒரு வருஷம் 12 கன்று வெச்சாங்க. புங்கை (இங்கே கரஞ்ச்), வேம்பு, நாவல். அடுத்த ஜூனில் மிச்சம் 5. இத்தனைக்கும் மாலி காகா தினமும் பைப் பிடிப்பார். கேட்டா, "பாணி தில, சாஹேப்" என்பார். உண்மைதான். ஆனா செடிக்கு அரை நிமிஷம். மேல் மண் கறுப்பா நனையும், விரலை விட்டா ரெண்டு அங்குலத்துக்குக் கீழே பொடி. வேரும் தண்ணி கிடைக்கிற மேல்மட்டத்திலேயே நின்னுடும். ஏப்ரல் வெயிலில் முதலில் காயறதும் அந்த மட்டம்தான்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியறதில்லை. நர்சரிப் பையில் வர்றது பெரும்பாலும் செம்மண். நாம நடறது கரிசலிலோ, பில்டர் கொட்டின முரும், இடிபாட்டிலோ. முதல் சில மாசம் வேரெல்லாம் அந்தப் பை மண்ணுக்குள்ளேதான். சுத்தி கரிசல் ஈரமா இருக்கும், நடுவில் செம்மண் உருண்டை காய்ஞ்சு கிடக்கும். அதனால ஆரம்பத்தில் தண்ணி அந்த உருண்டைக்குள் இறங்கணும். அப்புறம் வேர் வெளியே வர வர, வட்டப்பாத்தியையும் அகலப்படுத்திக்கிட்டே போகணும். நம்ம ஊரில் தென்னைக்கு வெட்டுவோமே, அதேதான். தண்டை ஒட்டி மட்டும் மண்ணைக் கொஞ்சம் மேடாக்குங்க. தண்டுல தண்ணி தேங்கினா அழுகல்.

இடுப்பளவு கன்றுன்னா ஒரு தடவைக்கு ரெண்டு பக்கெட், மெதுவா ஊத்தி ஊறவிடணும். அடுத்தது எப்போ? காலண்டரைப் பார்க்காதீங்க, குச்சியை அரையடி குத்திப் பாருங்க. ஈரமண் ஒட்டி வந்தா வேண்டாம். கரிசல் தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும், அதிகமானா வேருக்குக் காத்து போகாது. அப்பவும் இலை வாடும். தண்ணி பத்தலைன்னு நினைச்சு இன்னும் ஊத்திக் கொல்றவங்க உண்டு. முரும்னா நேர் எதிர், சீக்கிரமே வடிஞ்சுடும். பாத்தியில் காய்ஞ்ச இலை பரப்பினா ஈரம் நிக்கும்.

முதல் ரெண்டு கோடை தாண்டணும். நம்மாளுங்களுக்கு அதில் ஒரு சிக்கல். பிள்ளைங்களுக்கு லீவு விட்டதும் நாம திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ ரயிலேறிடுவோம், செடிக்குத் தண்ணி ரொம்பத் தேவைப்படறதும் அப்போதான். மண்பானையைப் பக்கத்தில் கழுத்து வரை புதைச்சு, நிரப்பி, மூடி வெச்சா கொஞ்சம் கொஞ்சமா கசியும். ஆனா ஒரு மாசத்துக்கெல்லாம் காணாது. அதனால எதிர் வீட்டு மராட்டிக் காகூகிட்ட வீட்டுச் சாவியோட ரெண்டு பக்கெட்டையும் குச்சியையும் ஒப்படைச்சுட்டுத்தான் நாங்க ஸ்டேஷனுக்குக் கிளம்பறது.