சொட்டும் இடமும் ஒழுகும் இடமும்

போன மாதம் குன்னூரிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கோவையில் இருக்கும் என் பட்டறைக்கு வந்தார். கையில் ஒரு அட்டைப்பெட்டித் துண்டு. ராத்திரி வண்டிக்கு அடியில் விரித்து வைத்திருந்தாராம். நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புக் கறை.

“தம்பி, ரெண்டு பட்டறையில காட்டிட்டேன். ரெண்டு பேருமே சேம்பர் பேக்கிங்கை மாத்திப்போட்டாங்க. சொட்டு மட்டும் நிக்கல.”

நான் கேட்காமலே அந்த அட்டையைக் கொண்டுவந்த மனிதரை எனக்கு உடனே பிடித்துவிட்டது. என்ஜின் ஆயில் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும், பிரேக் ஆயில் வெளிர் மஞ்சள். சிவப்பு என்றால் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்தான். சில வண்டிகளில் பவர் ஸ்டீயரிங் ஆயிலும் அதே நிறம். அந்தக் கறையை மோந்து பார்த்தேன். கருகிய வாடை இல்லை. உள்ளே க்ளட்ச் தட்டுகள் எரியவில்லை என்று மனம் லேசானது.

பத்து வருட வண்டி, ஆறு கியர் ஆட்டோமேட்டிக். ராம்ப்பில் ஏற்றிப் பார்த்தால் கியர்பாக்ஸின் அடிப்பாகம் முழுக்க ஈரம். ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னால் இழுத்துப் பூசிவிடும். எங்கிருந்து கிளம்பியது என்று எந்தக் கண்ணாலும் சொல்ல முடியாது. அடியில் ஆயில் தேங்கும் தட்டைத்தான் சேம்பர் என்போம். அதன் விளிம்பைச் சுற்றி சிலிகான் பேஸ்ட் பிதுங்கி நின்றது. வெளியே இவ்வளவு பிதுங்கினால் உள்ளேயும் அவ்வளவு பிதுங்கியிருக்கும். அது துண்டாகப் பிய்ந்து ஆயில் ஃபில்டரை அடைத்தால் போவது கியர்பாக்ஸ். எனக்குக் கோபம் வரும் வேலை இது.

இந்த மாதிரி நேரத்தில் ஸ்பேனரை எடுக்கக் கூடாது. முதலில் கழுவ வேண்டும். ஒயர் சாக்கெட்டுகளைப் பாலிதீன் சுற்றி மூடிவிட்டு, டீகிரீஸர் அடித்துக் கழுவி, காற்றடித்துக் காயவைத்து, பனியன் வேஸ்ட்டால் துடைத்தேன். பிறகு முகத்துக்குப் போடும் பவுடரை சந்துபொந்தெல்லாம் தூவினேன். என் குருநாதர் லாரி டிஃபரன்ஷியலுக்குச் செய்த வித்தை. வெள்ளைப் பவுடரில் ஆயில் பட்டால் ஒரு நூல் மாதிரிக் கோடு விழும். கோட்டின் மேல்நுனி எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஓட்டை.

என்ஜினை ஓடவிட்டு, சூடேறியதும் பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியராக மாற்றி, டார்ச்சோடு அடியில் உட்கார்ந்தேன். இருபது நிமிடத்தில் சேம்பரின் பின்மூலையில் பவுடர் கறுத்தது. இதற்கு முன் பார்த்த இரண்டு பேரும் இங்கேயே நிறுத்தியிருப்பார்கள். நான் வண்டியை வெளியே எடுத்து ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து மறுபடியும் பார்த்தேன். இடது டிரைவ் ஷாஃப்ட் கியர்பாக்ஸுக்குள் நுழையும் இடத்திலிருந்து மயிரிழை போல ஒரு கோடு இறங்கி, அதே பின்மூலைக்கு வந்து சேர்ந்திருந்தது. ஒழுக்கு இரண்டு, கீழே இருந்தது மேலே இருந்ததை மறைத்துக்கொண்டிருந்தது.

சேம்பர் போல்ட்டுகள் சின்னவை. மணிக்கட்டு பலமே போதும். கணக்காகச் சொன்னால் சுமார் 10 நியூட்டன் மீட்டர். ஒழுகுகிறதே என்று அழுத்தி முறுக்கினால் போல்ட் ஓட்டையைச் சுற்றித் தகடு குழிந்து, இரண்டு போல்ட்டுக்கு நடுவில் மேடாகி, அந்த இடைவெளியில் ஆயில் வழி கண்டுபிடித்துவிடும். இறுக்க இறுக்க ஒழுக்கு கூடும். சேம்பரைக் கழற்றி, கனமான இரும்புப் பலகையில் வைத்து, குழிந்த இடங்களைச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிச் சமப்படுத்தினேன். ஸ்கேலை நிறுத்தி வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்துத் தட்ட ஒரு மணி நேரம் ஆனது. அதன்பின் புது ரப்பர் பேக்கிங், பேஸ்ட் இல்லாமல்.

ஷாஃப்ட்டை உருவி, ஆயில் சீல் உட்காரும் இடத்தில் நகத்தை ஓட்டினேன். நகம் ஒரு வரியில் மாட்டியது. பழைய சீலின் உதடு பத்து வருடமாக ஒரே இடத்தில் உரசிப் போட்ட வரி. புது சீலை அதே ஆழத்தில் அடித்தால் அதன் உதடும் அதே வரியில்தான் உட்காரும், சில மாதத்தில் மறுபடி ஒழுகும். அதனால் ஒன்றரை மில்லிமீட்டர் மட்டும் வெளியே தள்ளி, தேயாத இடத்தில் உதடு படும்படி உட்கார்த்தினேன். எல்லாக் கியர்பாக்ஸிலும் அதற்கு இடம் இருக்காது, இதில் இருந்தது. உதட்டில் ஆயில் தடவி, சீலின் வெளிவட்டத்துக்குச் சமமான குழாய்த் துண்டை வைத்து நேராகத் தட்டினேன். சரிந்தால் உள்ளே இருக்கும் சுருள் ஸ்பிரிங் நழுவிவிடும்.

ஒழுக்கை நிறுத்தும் மருந்து என்று பாட்டிலில் விற்கிறார்களே, ஊற்றலாமா என்று சார் கேட்டார். அது ரப்பரை உப்பவைத்துக் கொஞ்ச நாள் தாங்கும், அவ்வளவுதான். நான் தொடுவதில்லை. இந்த ஆயிலின் சேர்மானம் அவ்வளவு நுட்பமானது. க்ளட்ச் தட்டுகள் அதிராமல் பிடிப்பதற்காக, 1970களின் தொடக்கம் வரை இதில் திமிங்கில எண்ணெயைக்கூடச் சேர்த்தார்கள். அமெரிக்கச் சட்டம் தடுத்த பிறகுதான் மாற்று தேடினார்கள். சிவப்பாக இருப்பதெல்லாம் ஒரே ஆயிலும் அல்ல. கம்பெனி கையேட்டில் போட்டிருக்கும் வகையை மட்டும் ஊற்றுங்கள்.

கடைசி வேலை அளவு பார்ப்பது. இந்த வண்டியில் குச்சி கிடையாது. சமதளத்தில் என்ஜின் ஓட, ஆயில் 40 டிகிரி பக்கம் இருக்கும்போது அளவு பிளக்கைத் திறக்க வேண்டும். ஒழுங்காக வழிந்து, பிறகு சொட்டாக மாறும்போது மூட வேண்டும். குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும், க்ளட்ச் வழுக்கும். கூடினால் மலை ஏறும் சூட்டில் நுரைத்து பிரீதர் வழியாகக் கக்கும். அதைப் பார்த்து மறுபடி ஒழுக்கு என்று பயப்படுவோம்.

சார் நேற்று அழைத்தார். குன்னூருக்கும் கோவைக்கும் நாலு முறை போய்வந்துவிட்டாராம். அட்டை காய்ந்தே கிடக்கிறதாம்.

ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். காலையில் வண்டியை நகர்த்தியதும் அது நின்ற இடத்தை ஒருமுறை குனிந்து பாருங்கள். சிவப்பு தெரிந்தால் அந்த வாரமே காட்டுங்கள். கியர் வழுக்கினாலோ, சிவப்பு குளமாகத் தேங்கி நின்றாலோ ஓட்டிக்கொண்டு வராதீர்கள், ஏற்றிக்கொண்டு வாருங்கள்.